ஹைப்ரிட்டா, பிளக்-இன்னா, முழு மின்காரா? முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

இந்த மூன்றில் எதை வாங்குவது என்பதில் காரின் பங்கு பாதிதான். இரவில் அந்தக் கார் எங்கே நிற்கும் என்பதுதான் மீதியைத் தீர்மானிக்கிறது. எனக்கான கார் எது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

பெயர்கள், சுருக்கமாக

ஹைப்ரிட்டில் பேட்டரி சின்னது, பெரும்பாலும் ஒன்றிரண்டு யூனிட்தான் பிடிக்கும். எஞ்சினும் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரமும் அதை நிரப்பிக்கொள்ளும், பிளக்கே கிடையாது. 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் இந்த வகைதான். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரிது. பொதுவாக 10 முதல் 20 யூனிட் வரை இருக்கும், எஞ்சினை எழுப்பாமலே 40 முதல் 80 கிலோமீட்டர் ஓடும். முழு மின்காரில் எஞ்சினே இல்லை.

‘மைல்டு ஹைப்ரிட்’ என்று விற்பதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதைப் பெட்ரோல் கார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஓட்டத்தை எழுதுங்கள்

இரண்டு வாரம், தினமும் இரவு ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். மனக்கணக்கு வேண்டாம். ‘தினமும் நூறு கிலோமீட்டராவது ஓட்டுவேன்’ என்று சொல்பவர்களின் நோட்டில் பல நாள் முப்பதைத் தாண்டாது. பக்கத்திலேயே ‘நகரம்’, ‘நெடுஞ்சாலை’ என்றும் எழுதுங்கள். நின்று நின்று போகும் நகரச் சாலையில்தான் ஹைப்ரிட் எரிபொருளை நன்றாக மிச்சம் பிடிக்கும். ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் மிச்சமும் குறைவு.

படி 2: பிளக் பாயிண்ட்

நான் அதிக நேரம் நின்றது இந்தப் படியில்தான். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

கேள்வி எளிது: இரவில் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், உங்கள் உரிமையில், நம்பகமான ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இருந்தால் அது எவ்வளவு தரும் என்று பாருங்கள். 230 வோல்ட் உள்ள இடத்தில் 13 ஆம்பியர் எடுத்தால் சுமார் 3 கிலோவாட். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவது போக 21 என்று வையுங்கள். நடுத்தர மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போகும். ஆக, சாதாரண பாயிண்டிலேயே ஓர் இரவுக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். 120 வோல்ட் உள்ள நாடுகளில் 12 ஆம்பியர்தான் எடுக்க முடிந்தால் இதில் பாதி, 60 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். உங்கள் நோட்டில் உள்ள எண்ணை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய சார்ஜர் தேவையா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது வயரிங். மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ சில நிமிடம்தான் மின்சாரம் இழுக்கும். கார் விடிய விடிய இழுக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: எர்த் சரியாக இருக்கிறதா, ஒயர் அந்தச் சுமையைத் தாங்கும் தடிமனா, மெயின் போர்டிலிருந்து இந்தப் பாயிண்டுக்குத் தனி லைன் வருகிறதா. எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மறுத்துவிடும். காரில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

முதல் முறை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பயமில்லை. கை வைக்க முடியாத சூடு என்றாலோ, சாக்கெட் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உடனே நிறுத்துங்கள். இணைப்பு லூசாக இருக்கிறது, பாயிண்டையே மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

படி 3: முடிவு

பிளக் பாயிண்ட் இல்லை, வரவும் வழியில்லை என்றால் ஹைப்ரிட் வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொது சார்ஜரை மட்டுமே நம்பி மின்கார் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முதல் கார் வாங்குபவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பாயிண்ட் இருக்கிறது, அன்றாட ஓட்டம் ஓர் இரவு சார்ஜுக்குள் அடங்குகிறது, நீண்ட பயணம் எப்போதாவதுதான் என்றால் முழு மின்கார்.

பாயிண்டும் இருக்கிறது, சார்ஜர் குறைவான வழிகளில் அடிக்கடி தொலைதூரமும் போக வேண்டும் என்றால் மட்டும் பிளக்-இன். தினமும் சார்ஜ் போடுவேன் என்ற உறுதி இல்லாவிட்டால் இதைத் தொடாதீர்கள். சார்ஜ் போடாத பிளக்-இன், கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கார்தான். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, சாலையில் ஓடும் பிளக்-இன் கார்களின் கார்பன் உமிழ்வு ஆய்வக எண்ணைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு என்று காட்டியது. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை என்பதே முக்கியக் காரணம்.

படி 4: கையெழுத்துக்கு முன்

ஏசி (வீட்டு பாயிண்டில் வரும் மாறுமின்சாரம்) சார்ஜிங் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். காருக்குள் இருக்கும் சார்ஜர் 7 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் சார்ஜிங் கம்பத்தில் செருகினாலும் 7தான் ஏறும். டிசி (நேர்மின்சாரம்) வேக சார்ஜரின் மின்சாரம் நேராக பேட்டரிக்குப் போவதால் அந்தத் தடை இல்லை. ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் அதுவும் மெதுவாகிவிடும். பயணத்தில் 10இலிருந்து 80 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேட்டரி எல்எஃப்பியா (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), என்எம்சியா (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) என்பதையும் கேளுங்கள். எல்எஃப்பியை 100 வரை ஏற்றிப் பழகலாம். என்எம்சியை அன்றாடம் 80 அளவில் நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது.

வழித்திட்டத்துக்கு எனக்குப் பிடித்தது ‘ஏ பெட்டர் ரூட்பிளானர்’ (A Better Routeplanner) என்ற செயலி. உங்கள் காரைத் தேர்ந்தெடுத்தால், ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று காட்டும். கம்பெனிகளின் இணையதளங்களில் உள்ள ‘சேமிப்புக் கணக்கு’ப் பக்கங்களை நான் நம்புவதில்லை. நம் நோட்டில் உள்ள எண்களை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டாலே போதும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

அடுக்குமாடியில் இருப்பவர்கள்: காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்கள் மீட்டரிலிருந்து லைன் இழுக்கலாமா, தனி மீட்டர் வேண்டுமா என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

“பிளக்-இன்னில் பெட்ரோலே செலவாகவில்லை, அப்படியே விடலாமா?” மாதக்கணக்கில் விடாதீர்கள், பெட்ரோல் கெட்டுப்போகும். சில கார்கள் தாமாகவே எஞ்சினை ஓட்டி பழைய பெட்ரோலைத் தீர்த்துவிடும். உங்கள் காரில் அந்த வசதி இல்லையென்றால் டேங்கை நிறைத்து வைக்காமல் கொஞ்சமாகப் போட்டு, அவ்வப்போது எஞ்சினில் ஓட்டுங்கள்.

“சார்ஜ் நிறைய இருந்தும் மின்கார் உயிர் பெறவில்லை.” பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். மின்காரிலும் அந்தச் சின்ன பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, திரை, கணினி எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். நான்கைந்து வருடமாகிவிட்டால் சர்வீஸில் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.