முன்னாய்வு அத்தியாயத்தில் பெரட்டு எடுக்காதீர்கள்

லிட்டரேச்சர் ரிவியூ, அதாவது நம் தலைப்பில் முன்னால் வந்த ஆய்வுகளை அலசும் அத்தியாயம், எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பெரட்டு எடுக்கிறார்கள். மலேசிய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலை இருட்டில் ஆட்களை நிறுத்தித் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடுவார், ஆள் வந்தாச்சா இல்லையா என்பதோடு சரி. "இவர் 1969இல் இப்படிக் கூறுகிறார், அவர் 1970இல் அப்படிக் குறிப்பிடுகிறார்" என்று பத்துப் பக்கம் போனால் அதுவும் பெரட்டுதான். நானும் முதலில் அப்படித்தான் எழுதிக் கொண்டுபோனேன். விரிவுரையாளர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படி என்றார். கூறுகிறார், குறிப்பிடுகிறார், எடுத்துரைக்கிறார்... அவ்வளவுதான் இருந்தது. நீங்களும் உங்கள் பக்கத்தை இப்படி ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

முதலில் கேள்வியைப் பிடியுங்கள். "தோட்டத் தமிழர்" என்பது வெறும் தலைப்பு, அதை வைத்துக்கொண்டு தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டே இருக்கலாம். "தோட்டம் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் டவுனில் எப்படிக் காலூன்றின, அதை ஆய்வாளர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள்" என்று கேட்டால்தான் எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியும்.

தேடும்போது ஊர்ப் பெயரில் கவனம். எங்கள் ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா, ஆனால் பழைய கட்டுரைகளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இருக்கும். தெலுக் இந்தானுக்குத் தெலுக் ஆன்சன் என்றும் போட்டுத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் தேடாமல் மலாயில் 'லாடாங்' (தோட்டம்) என்றும் தேடுங்கள், உள்ளூர் ஆய்வேடுகள் நிறைய அங்கேதான் மாட்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதன் பின்பக்க நூல்பட்டியலைப் பிடித்துப் பின்னால் போங்கள், அப்புறம் அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்து முன்னால் வாருங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் போதும், நிறுத்திவிடலாம்.

படிக்கும்போதே ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: இவர் கேட்ட கேள்வி என்ன, சான்று எங்கிருந்து, எந்த இடம், எந்தக் காலம், யாருடன் முரண்படுகிறார், பக்க எண். பக்க எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சமர்ப்பிக்கும் இரவில் அழுவீர்கள். பதினைந்து நூல் முடிந்ததும் கட்டத்தை நூல் நூலாகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். "சான்று எங்கிருந்து" என்ற நெடுவரிசையை மட்டும் படித்தாலே யார் யாரோடு சேருகிறார், யார் தனியாக நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அதுதான் உங்கள் துணைத்தலைப்பு.

ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன்:

"தோட்டத் தமிழரை எங்கே நின்று பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததும் மாறியிருக்கிறது. சந்து (1969), 1786 முதல் 1957 வரையிலான குடியேற்றத்தை ஆவணங்கள், புள்ளிவிவரங்கள் வழியே பார்க்கிறார். ஆட்களின் வரத்தும் போக்கும் தெளிவாகின்றன, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்குள் நடந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜெயின் (1970) ஒரு தோட்டத்தில் களப்பணி செய்ததால் அந்த உள்வாழ்க்கை கிடைக்கிறது, ஆனால் ஒரு தோட்டத்தை வைத்து எல்லாத் தோட்டங்களுக்கும் பேச முடியாது. வில்ஃபோர்ட் (2014) எழுதும்போது தோட்டமே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, கேள்வி இழப்புக்கும் நீதிக்கும் நகர்கிறது."

இதில் பெயர்களை அடித்தாலும் ஒரு வாதம் மிச்சமிருக்கும். முதல் வாக்கியத்தில் எவர் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள், அது நீங்கள் சொல்வது. அப்புறம்தான் ஆட்கள் வருகிறார்கள்.

கிரிட்டிக்கலாக, அதாவது விமர்சன நோக்கில், எழுது என்றதும் சிலர் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். 1970இல் வந்த நூலில் இன்றைய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவைப் பற்றி ஒன்றும் இல்லை என்று குறை எழுதிய ஒரு ட்ராஃப்டைப் பார்த்தேன். அப்போது அந்த இடம் பிராங் பெசார் ரப்பர் தோட்டமாக இருந்ததய்யா! நூலாசிரியர் கையில் இருந்த சான்று அவர் சொன்ன முடிவைத் தாங்குகிறதா என்று பாருங்கள், அதைத்தான் கேட்கிறார்கள்.

நேரம்? ஆறு வாரம் இருந்தால் மூன்று வாரம் தேடுவதும் படிப்பதும், ஒரு வாரம் கட்டத்தோடு மல்லுக்கட்டுவது, மிச்சம் எழுதித் திருத்துவது. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

எல்லாரும் கேட்கிற ஒன்று: தோட்டத்துக் கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி சொன்னது, இதெல்லாம் இந்த அத்தியாயத்தில் வரலாமா? வேண்டாம். அவை பொன்னானவை, ஆனால் அவை உங்கள் தரவு. மலரைப் போட்டோ எடுத்து, பாட்டி பேச்சை அவர் சம்மதத்தோடு போனில் பதிந்து, தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் வையுங்கள், அடுத்த அத்தியாயத்துக்கு வேண்டும்.