இசைத்தாளில் பென்சில் குறி போடுவது எப்படி?

"புதுப் புத்தகம், அதில் போய்க் கிறுக்கலாமா?" என்று பெற்றோர் தயங்குவார்கள். சேலம் அழகாபுரத்தில் கீபோர்டு சொல்லித் தருகிற எனக்கு இதில் சந்தேகமே இல்லை. தாராளமாகக் குறி போடலாம், ஆனால் அளவோடு.

1. 2பி பென்சில் எடுங்கள். அழுத்தாமலே கறுப்பாக விழும், ரப்பரில் சுத்தமாகப் போகும். பேனா வேண்டவே வேண்டாம். ஒரு டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு வாசிக்க ஏற்காடு போயிருந்தேன். பனிமூட்டத்தில் தாள் நமுத்து, ஜெல் பேனாவில் எழுதிய எண்களெல்லாம் ஊறிச் சுரங்களை மறைத்துவிட்டன. பாடியவர்களை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றும் அது உறுத்துகிறது.

2. முதலில் எதுவும் எழுதாமல் மெதுவாக வாசியுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை தடுமாறினால்தான் அங்கே குறி.

3. அடுத்து விரல் எண். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. (வயலினில் ஆள்காட்டி விரல்தான் 1. இரண்டும் கற்பவர்கள் கவனியுங்கள்.) எல்லாச் சுரத்துக்கும் எண் எழுதினால் கண் எண்ணைத்தான் படிக்கும், சுரம் மனதில் பதியாது. கை நகரும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். சி மேஜர் ஸ்கேலில் (சியில் தொடங்கும் சுர வரிசை) வலது கை ஏறும்போது 1, 2, 3 முடிந்ததும் கட்டைவிரல் அடியில் நுழைந்து எஃப்பைப் பிடிக்கும். அந்த எஃப்புக்கு மேல் ஒரு 1 போதும். எஃப் மேஜரில் அப்படி இல்லை. நான்காவது சுரமான பி ஃப்ளாட் கறுப்புக் கட்டை, அதை 4ஆம் விரல் பிடிக்கும். அதற்கடுத்த சியில்தான் கட்டைவிரல் நுழையும். சி மேஜர் பழகிய கை இங்கே கட்டாயம் தடுமாறும், அதனால் இந்த 1ஐக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.

4. ஒரு பாருக்குள் (தாளில் இரண்டு நெடுக்குக் கோடுகளுக்கு நடுவில் உள்ள பகுதி) வந்த ஷார்ப் (சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி), அந்தப் பார் முடியும்வரை அதே சுரத்துக்குச் செல்லும். இரண்டாம் முறை அச்சில் இருக்காது. மறந்துபோகிறதா? நீங்களே பென்சிலில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. வேகம் சட்டென்று மாறும் இடத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி வரையுங்கள். 'இங்கே கவனி' என்பதற்கு வாத்தியக்காரர்கள் போடும் குறி அது. ஒரு பார் முன்னாலேயே வரைந்தால்தான் சமாளிக்க நேரம் கிடைக்கும்.

6. கைக்குப் பழகிய குறியை அழித்துவிடுங்கள். இரவல் தாள் என்றால் திருப்பித் தருமுன் எல்லாவற்றையும் அழியுங்கள். அழிக்கும்போது தாளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ரப்பர் தூள் கட்டை இடுக்கில் விழுந்தால் எடுப்பது கஷ்டம்.