வயர்லெஸ் ஹெட்போனை மொபைலோடு இணைப்பதும், இணைய மறுத்தால் செய்ய வேண்டியதும்

வயர்லெஸ் ஹெட்போன் மொபைலோடு இணைய மறுத்தால், அது பழுதாகிவிட்டது என்ற முடிவுக்குப் பலரும் உடனே வந்துவிடுகிறார்கள். சிலர் கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்கிறார்கள்; வேறு சிலர் அவசரப்பட்டு மொபைலின் நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் ரீசெட் செய்து, சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டுகளை இழந்து நிற்கிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இந்த இரண்டுமே தேவைப்படாது. மொபைல் தன் நினைவில் வைத்திருக்கும் விவரமும் ஹெட்போன் தன் நினைவில் வைத்திருக்கும் விவரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுதான் வழக்கமான காரணம். அதைப் புரிந்துகொண்டால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது என்பது தானாகவே விளங்கிவிடும்.

புளூடூத் இணைப்பு இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதல் கட்டமான பேரிங்கில், இரு கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியைச் சேமித்துக்கொள்கின்றன. இது ஒருமுறை நடந்தால் போதும். இரண்டாவது கட்டம் கனெக்ட் ஆவது. ஒவ்வொரு முறை ஹெட்போனை ஆன் செய்யும்போதும் அது கடைசியாக இணைந்திருந்த கருவியைத் தேடிப் போகிறது. இரு தரப்புச் சாவிகளும் ஒத்துப்போனால் இணைப்பு கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அந்தச் சாவி அழிந்துபோனால், மறுபக்கம் பழைய சாவியை வைத்துக்கொண்டு எத்தனை முறை முயன்றாலும் கதவு திறக்காது.

முதல் முறை இணைக்கும்போது

ஹெட்போனில் பாதியளவாவது சார்ஜ் இருக்கட்டும். சார்ஜர் செருகியிருக்கும் நிலையில் பல மாடல்கள் ஆன் ஆகவே ஆகாது என்பதால், கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். காதுக்குள் வைக்கும் இயர்பட் புதிதாக வாங்கியது என்றால், இரண்டு பட்களையும் கேஸிலிருந்து வெளியே எடுத்து, அவற்றின் அடிப்பகுதியில் உள்ள உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். கடைக்கு வரும் வழியில் சார்ஜ் இறங்காமல் இருப்பதற்காகச் சில நிறுவனங்கள் அங்கே மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகின்றன. நிறமற்ற அந்தச் சிறு துண்டு கண்ணில் படாமல் போய், ஒரு பட் மட்டும் சார்ஜ் ஏறாமல் கிடந்து, புதுப் பொருளே குறையுள்ளது என்று திருப்பி அனுப்பப்படுவது உண்டு.

அடுத்து ஹெட்போனைப் பேரிங் மோடுக்குக் கொண்டுவர வேண்டும். ஆன் செய்வதும் பேரிங் மோடுக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. தடுமாற்றம் அதிகம் நேர்வது இந்த இடத்தில்தான். பெரும்பாலான ஹெட்போன்களிலும் நெக்பேண்ட்களிலும், அணைந்திருக்கும் நிலையில் பவர் பட்டனை அழுத்தி, ஆன் ஆனதும் விரலை எடுத்துவிடாமல் மேலும் சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 மாடலில் இப்படி ஏறக்குறைய 7 நொடிகள் பிடிக்க வேண்டியிருக்கும். நீலமும் சிவப்பும் மாறி மாறி மினுக்கினாலோ, நீல விளக்கு வேகமாகத் துடித்தாலோ, ‘பேரிங்’ என்று குரல் ஒலித்தாலோ ஹெட்போன் தயாராகிவிட்டது என்று பொருள். நீல விளக்கு நிதானமாக எப்போதோ ஒருமுறை மினுக்கினால் அது வெறுமனே ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். புளூடூத்துக்கென்றே தனிப் பட்டன் உள்ள மாடல்களில் அதை அழுத்திப் பிடித்தால் போதும். பின்புறம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் கேஸில், பட்களை உள்ளே வைத்து, மூடியைத் திறந்தபடி அந்தப் பட்டனை வெள்ளை விளக்கு மினுக்கும் வரை அழுத்த வேண்டும்.

இப்போது மொபைலுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் ‘செட்டிங்ஸ்’, ‘கனெக்டட் டிவைசஸ்’, ‘பேர் நியூ டிவைஸ்’ என்ற வரிசையில் செல்லுங்கள். சாம்சங் மொபைல்களில் இது ‘கனெக்ஷன்ஸ்’ என்பதன் கீழ் இருக்கும். ஐபோனில் ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘புளூடூத்’ பக்கத்துக்குப் போய், ஹெட்போனின் பெயர் தோன்றும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள். பெயரைத் தொட்டதும் சில நொடிகளில் இணைந்துவிடும். பழைய மாடல் எதுவும் பின் எண் கேட்டால், பெரும்பாலும் 0000 என்பதுதான் விடை. தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் பார்க்க அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும் பெட்டியை டிக் செய்யாமலேயே விடலாம். பாட்டுக் கேட்கவும் அழைப்புகளைப் பேசவும் அது தேவையில்லை. கூகுளின் ஃபாஸ்ட் பேர் வசதியுள்ள ஹெட்போன்கள் அருகில் வந்ததுமே திரையில் தாமாக அறிவிப்புக் காட்டும். அந்த அறிவிப்பு வரவில்லை என்றால் மொபைலில் லொகேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் பெயரே வராதபோது

பேரிங் மோடில்தான் இருக்கிறது என்பதை விளக்கைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகும் பெயர் வரவில்லை என்றால், நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஹெட்போன் இதற்கு முன் வேறு எதனோடெல்லாம் இணைந்திருந்தது? வீட்டில் உள்ள டிவி, பக்கத்து அறையில் திறந்து கிடக்கும் லேப்டாப், அலமாரியில் சார்ஜில் இருக்கும் பழைய மொபைல் என்று எதுவாகவும் இருக்கலாம். சாதாரண புளூடூத் கருவிகள் ஏறக்குறைய 10 மீட்டர் தூரம் எட்டும். இடையில் ஒரு சுவர் இருந்தாலும் அலை கடந்துவிடும். ஆகவே நீங்கள் கூடத்தில் அமர்ந்து ஹெட்போனை ஆன் செய்த மறுகணமே அது படுக்கையறையில் இருக்கும் லேப்டாப்போடு சத்தமில்லாமல் இணைந்துவிடும். பெரும்பாலான மாடல்கள், ஒன்றோடு இணைந்த பிறகு, வேறு கருவிகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் மல்டிபாயின்ட் வசதி உள்ளவற்றிலும், அந்த இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டால் மூன்றாவதற்கு இடம் கிடைக்காது.

எனவே, முன்பு இணைந்திருந்த எல்லாக் கருவிகளிலும் சிறிது நேரம் புளூடூத்தை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். இந்த ஒரு செயலிலேயே தீர்ந்துபோகும் சிக்கல்கள் ஏராளம். ஐபோன் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், கன்ட்ரோல் சென்டரில் உள்ள புளூடூத் குறியைத் தொட்டால் கருவிகளின் இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படுகிறது. புளூடூத் முழுவதும் அணைவதில்லை. உண்மையாகவே அணைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குள் சென்றுதான் அணைக்க வேண்டும்.

பெயர் வந்தும் இணைய மறுத்தால்

‘பேரிங் தோல்வி’ என்ற பொருளில் அறிவிப்பு வருவதும், ஒரு நொடி இணைந்து உடனே துண்டிப்பதும் சாவிகள் பொருந்தாததன் அடையாளங்கள். ஹெட்போனை ரீசெட் செய்திருந்தால் அதன் பக்கம் சாவி அழிந்திருக்கும். மொபைலை ரீசெட் செய்திருந்தால் மொபைலின் பக்கம் அழிந்திருக்கும். ஹெட்போனின் நினைவில் இடமும் குறைவுதான். மேலே சொன்ன சோனி மாடல் எட்டுக் கருவிகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஒன்பதாவது வந்தால், இணைந்து நீண்ட நாளான ஒன்றை அது அழித்துவிடும். வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஹெட்போனில் இது எளிதில் நேர்ந்துவிடும்.

இதற்குத் தீர்வு, இரண்டு பக்கமும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் அதே முரண்பாடு வேறு வடிவில் திரும்பி வரும் என்பதால், வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் மொபைலின் புளூடூத் பட்டியலில் ஹெட்போன் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கரக் குறியையோ, ஐபோன் என்றால் வட்டத்துக்குள் உள்ள ‘ஐ’ குறியையோ தொட்டு, ‘ஃபர்கெட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதாக, ஹெட்போனை ரீசெட் செய்யுங்கள். எந்தப் பட்டனை எத்தனை நொடி அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஊகத்தில் அழுத்திப் பார்ப்பதைவிட, பெட்டியோடு வந்த கையேட்டைப் பார்ப்பதே நல்லது. மூன்றாவதாக, மொபைலை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகு, மற்றக் கருவிகளில் புளூடூத் அணைந்திருக்கும் நிலையிலேயே, முதல் முறை இணைப்பதைப் போலப் பேரிங் செய்யுங்கள்.

இயர்பட்களில் இடதும் வலதும் தங்களுக்குள்ளும் இணைந்தாக வேண்டும் என்பதால், ஒரு பட் மட்டும் தனியாக இணைந்துகொண்டு மற்றது ஊமையாகிவிடுவது உண்டு. அப்போதும் மொபைலில் ‘ஃபர்கெட்’ செய்து, இரண்டு பட்களையும் கேஸுக்குள் வைத்து, இரண்டிலும் சார்ஜிங் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். ஒன்றில் விளக்கு எரியவில்லை என்றால், கேஸின் குழியில் உள்ள சிறு பின்களில் வியர்வைக் கறையும் தூசும் படிந்திருக்கலாம். உலர்ந்த காட்டன் பட்ஸால் மெதுவாகத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இணைந்த பிறகும் சத்தம் வராவிட்டால்

புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடமும் அழைப்புக்கு இன்னொரு தடமும் தனித்தனியாக உண்டு. ஆண்ட்ராய்டில் ஹெட்போன் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், ‘மீடியா ஆடியோ’, ‘ஃபோன் கால்ஸ்’ என்று இரண்டு சுவிட்சுகள் தெரியும். அழைப்பு கேட்கிறது, யூடியூப் மட்டும் மொபைல் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கிறது என்றால் முதல் சுவிட்ச் அணைந்திருக்கும். இரண்டும் ஆனில் இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பதை, பாட்டு ஓடும்போது மேலே தோன்றும் பிளேயர் அட்டையில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காதில் மட்டும் கேட்கவில்லை என்றால் ‘அக்செசிபிலிட்டி’ பகுதியில் உள்ள ஆடியோ பேலன்ஸ் கோடு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். ஒரு பட்டின் வலையில் காதழுக்கு அடைத்தாலும் அந்தப் பக்கம் மட்டும் ஒலி மங்கும்.

பாட்டு தெளிவாகக் கேட்கும் ஹெட்போனில் வீடியோ அழைப்போ குரலோடு ஆடும் கேமோ தொடங்கியதும் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது என்று பலர் வருந்துகிறார்கள். இது பழுது அல்ல. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் இணைப்பு பாட்டுத் தடத்தை விட்டு அழைப்புத் தடத்துக்கு மாறிவிடுகிறது. அந்தத் தடம் பெரும்பாலும் ஸ்டீரியோ அல்லாத, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்) மட்டுமே கொண்ட குறுகிய ஒலியையே கடத்தும். ஹெட்போனின் மைக்கை விட்டுவிட்டு மொபைலின் மைக்கைப் பயன்படுத்த அந்த ஆப் இடம் தந்தால், காதில் பழைய தெளிவு திரும்பிவிடும். 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்னும் புதிய முறையில் இந்தக் குறை பெருமளவு குறைகிறது. ஆனால் மொபைல், ஹெட்போன் இரண்டிலுமே அந்த வசதி இருந்தாக வேண்டும்.

ஒலி விட்டு விட்டுக் கேட்டால்

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதே அலைவரிசையில்தான் பல வீடுகளின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் இருக்கின்றன. பாட்டைக் கடத்தும் வழக்கமான புளூடூத் இந்த நெரிசலைச் சமாளிக்க, 79 சேனல்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் நெரிசல் மிகுந்த இடத்தில் சிறு துண்டிப்புகள் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் மொபைலை அதற்கு மாற்றிவிடுவது நல்ல பலன் தரும்.

நம் உடலே இந்த அலைகளுக்குப் பெரிய தடை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. உடலில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சிவிடுகிறது. அறைக்குள் இருக்கும்போது சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் உதவிக்கு வருகின்றன. திறந்த மைதானத்தில் நடக்கும்போது அந்த உதவியும் இல்லை. ஆகவே வீட்டில் ஒழுங்காகக் கேட்கும் ஹெட்போன் காலை நடையில் மட்டும் விட்டு விட்டுக் கேட்டால், மொபைலை இடப்பக்கப் பையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆன்டெனா ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள மாடல்களில், மொபைல் அந்தப் பக்கம் வந்ததும் துண்டிப்பு நின்றுவிடும். பேட்டரி சேவர் ஆனில் இருந்தாலும் சில மொபைல்களில் பின்னணியில் ஓடும் பாட்டு ஆப் நின்று நின்று ஓடும்.

இவை எதற்கும் அடங்காதபோது

அதே ஹெட்போனை வேறொரு மொபைலோடு இணைத்துப் பாருங்கள். வேறொரு ஹெட்போனை உங்கள் மொபைலோடு இணைத்துப் பாருங்கள். குறை எந்தப் பக்கம் என்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்போன் பக்கம் என்றால், அந்த நிறுவனத்தின் ஆப் மூலம் ஃபர்ம்வேர் (ஹெட்போனுக்குள் இயங்கும் மென்பொருள்) அப்டேட் உள்ளதா என்று பார்த்து, அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் வாரன்டி காலத்துக்குள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மொபைல் பக்கம் என்றால் மட்டும், ஆண்ட்ராய்டில் ‘ரீசெட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உள்ள புளூடூத், வைஃபை ரீசெட்டையும், ஐபோனில் ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ என்பதையும் நாடுங்கள். படங்களும் செய்திகளும் அழியாது. வைஃபை பாஸ்வேர்டுகள் அழிந்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போனை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும், உங்கள் மொபைலில் ‘ஃபர்கெட்’ செய்து, ஹெட்போனையும் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். ஏர்பாட்ஸ் என்றால் உங்கள் ஆப்பிள் கணக்கிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் வாங்கியவரால் அதைத் தம் பெயரில் முழுமையாகப் பதிவு செய்துகொள்ள முடியாது.