சர்வர் ப்ராசஸரை லேப்டாப் ப்ராசஸரோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்துக்குச் சர்வர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதல்முறையாக ஒருவர் கைக்கு வரும்போது, அவர் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் தன் லேப்டாப்தான். அதில் தவறில்லை, அதை எப்படிப் பிடித்து அளக்கிறார் என்பதில்தான் பணம் போகிறது. சர்வர் சிப்பை லேப்டாப்பில் செருக முடியாது, ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே வேகம் ஆகாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே தொடவில்லை.

கோர் எண்ணிக்கையால் பெருக்குவது

எத்தனை பேர் சொன்னாலும் ஓயாத தவறு இது. ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கில் செலவு வைக்கிறது என்பதால் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வழக்கமாக நடப்பது இப்படி. ஒரு மென்பொருள் குழுவின் பில்ட் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்குக் கட்டும் வேலை), ஏஎம்டி-யின் ரைசன் 7 7840யு சிப் போட்ட லேப்டாப்பில் 12 நிமிடம் எடுக்கிறது. அது 8 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). எபிக் 7763 என்ற சர்வர் ப்ராசஸரில் 64 கோர். எட்டு மடங்கு கோர், எனவே ஒன்றரை நிமிடம் என்று ஒருவர் எக்செல் தாளில் போடுகிறார், மேலிடம் கையெழுத்திடுகிறது. பெட்டி வந்து இறங்கி ஓடவிட்டால் ஆறு நிமிடம் ஆகிறது. உடனே "சர்வரில் ஏதோ கோளாறு" என்று விற்றவரைக் கூப்பிடுகிறார்கள். கோளாறு சர்வரில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அந்த 12 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். கோப்புகளைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யும் எட்டரை நிமிடம் 8 கோர்களிலும் பரவி ஓடுகிறது. கடைசியில் லிங்க் செய்வது (எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது), பேக்கேஜ் கட்டுவது என்று மூன்றரை நிமிடம் ஒரே கோரில் ஓடுகிறது. 64 கோர் கிடைத்தால் முதல் பகுதி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வந்துவிடும் (கோருக்குக் கோர் சம வேகம் என்று வைத்துக்கொண்டால்). இரண்டாம் பகுதி குறையாது, கூடும். லேப்டாப் சிப் ஒற்றைக் கோரை 5.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றும். எபிக் 7763 அதிகபட்சம் 3.5 தான். மூன்றரை நிமிட வேலை கிளாக் விகிதத்தில் மட்டும் பார்த்தாலே ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. சர்வர் சிப் ஒரு தலைமுறை பழையது, ஸென் 3. லேப்டாப் ஸென் 4. அந்த வேறுபாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 64 கோருக்குப் பதில் 640 கோர் போட்டாலும் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாது.

இதே பில்டுக்கு 16 கோர் மேசைக் கணினிச் சிப்பான ரைசன் 9 7950எக்ஸ் என்ன செய்யும்? ஒற்றைக் கோர் பகுதி 5.7 ஜிகாஹெர்ட்ஸில் மூன்று நிமிடத்தை ஒட்டி முடியும், மீதி நாலேகால் நிமிடம். ஏழரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அறிமுக விலையில் 7763 சிப் 7,890 டாலர், 7950எக்ஸ் 699 டாலர். ஒரு நிமிடச் சொச்சத்தைக் குறைக்கச் சிப்புக்கு மட்டும் பத்து மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். போர்டும் மெமரியும் பெட்டியும் தனி.

சர்வர் சிப் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் பில்ட் கொடுக்கிறார்கள், அல்லது ஐம்பது விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினிபோல் ஓடுபவை) ஓட வேண்டும் என்றால் 64 கோர் தன் விலையைத் திருப்பித் தரும். கேள்வி ஒன்றுதான்: ஒரு வேலை சீக்கிரம் முடிய வேண்டுமா, பல வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டுமா? இதற்கு விடை தெரியாமல் விலைப்பட்டியல் கேட்கக் கூடாது.

பெருக்கல் கணக்கின் இன்னொரு ஓட்டை, அடிப்படை எண்ணே பொய்யாக இருப்பது. இன்டெலின் லேப்டாப் சிப்பான ஐ7-1255யு-வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை மின்வரம்பு 15 வாட், டர்போ (சிறிது நேரம் வேகத்தை ஏற்றுவது) உச்சம் 55 வாட். வேலை தொடங்கியதும் உச்சத்தை நோக்கிப் பாயும், சில பத்து வினாடிகளில் தயாரிப்பாளர் வைத்த நீடித்த வரம்புக்கு இறங்கிவிடும். லினக்ஸில் டர்போஸ்டாட் என்ற கருவியை ஓடவிட்டு பிகேஜி-வாட் பத்தியைப் பார்த்தால் கண்ணெதிரே வாட் சரிவதும் கூடவே மெகாஹெர்ட்ஸ் சரிவதும் தெரியும். இருபது வினாடிச் சோதனை எடுத்து "என் லேப்டாப் சர்வருக்குச் சமம்" என்பவர் அளந்தது அந்த முதல் பாய்ச்சலை மட்டும். 280 வாட்டுக்குக் குளிரூட்டல் அமைத்த சர்வர் சிப், காலையில் ஓடிய அதே வேகத்தில் இரவிலும் ஓடும்.

ஆகவே அளக்கும் முறை இப்படி இருக்கட்டும். லேப்டாப்பை சார்ஜரில் செருகி, மின் நிர்வாகத்தைப் பர்ஃபார்மன்ஸில் வையுங்கள். சொந்த வேலையையே குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு முதல் இரண்டு நிமிட அளவீட்டைத் தள்ளிவிடுங்கள். டாஸ்க்செட் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு 1, 2, 4, 8 கோர் என்று கட்டுப்படுத்தி நான்கு முறை நேரம் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் எந்த எண் எந்தக் கோரைச் சேர்ந்தது என்பதை எல்எஸ்சிபியு கட்டளை காட்டும். இதைப் பார்க்காமல் விட்டால் "இரண்டு கோர்" என்று நினைத்து ஒரே கோரின் இரண்டு த்ரெட்டை (ஒரு கோரைப் பகிர்ந்துகொள்ளும் இரு வேலை வரிசைகளை) அளப்பீர்கள். 4-இலிருந்து 8-க்குப் போகும்போது நேரம் பாதியாகவில்லை என்றால் 64-இல் அதிசயம் நடக்காது. கடைசியாக, வாங்க நினைக்கும் அதே வகைச் சிப்பைக் கிளவுடில் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து அதே வேலையை ஓட்டுங்கள். அந்த வாடகைதான் இந்த முழுக் கொள்முதலிலும் மிக நல்ல செலவு.

மெமரி சேனலைக் காலியாக விடுவது

எபிக் 7763-க்கு எட்டு மெமரி சேனல் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போகும் வழி). டிடிஆர்4-3200 வகை மெமரி ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், எட்டும் நிறைந்தால் 204.8 ஜிபி. செலவைக் குறைக்க இரண்டு ஸ்லாட்டில் மட்டும் மெமரி போட்டால் 51.2 ஜிபி. டிடிஆர்5-5600 இரண்டு போட்ட சாதாரண லேப்டாப் 89.6 ஜிபி கடத்துகிறது. 64 கோர் சர்வர் மெமரி வேகத்தில் லேப்டாப்புக்குப் பின்னால் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. கோருக்கு என்று வகுத்தால் இன்னும் உறைக்கும்: சர்வரில் 0.8 ஜிபி, 8 கோர் லேப்டாப்பில் 11.2 ஜிபி. எட்டும் நிறைந்த சர்வரில்கூட கோருக்கு 3.2 தான்; மீதியைப் பெரிய கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) ஈடுகட்டுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினம். டாப் கட்டளையின் திரையில் எல்லாக் கோரும் 100 சதவீதம் என்றே காட்டும், ஏனென்றால் மெமரிக்குக் காத்திருக்கும் கோரும் வேலை செய்வதாகவே கணக்காகிறது. பெர்ஃப் ஸ்டாட் என்ற கருவியை ஓட்டி ஒரு சைக்கிளுக்கு (கிளாக்கின் ஒரு துடிப்புக்கு) எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் முடிகிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். 128 ஜிபி வேண்டுமென்றால் 64 ஜிபி இரண்டு வாங்காதீர்கள், 16 ஜிபி எட்டு வாங்குங்கள். இரண்டு சாக்கெட் போர்டு (இரண்டு ப்ராசஸர் பொருத்துவது) என்றால் இந்த எட்டு ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனி.

விசிபியு-வைக் கோர் என்று எண்ணுவது

லேப்டாப்பில் 8 கோர், கிளவுடில் 8 விசிபியு (வாடகைக்குத் தரும் விர்ச்சுவல் ப்ராசஸர்), இரண்டும் ஒன்று என்று நினைத்து இடம் மாற்றினால் பல நேரம் பாதி வேகம்தான் வரும். அமேசான் கிளவுடின் இன்டெல் இன்ஸ்டன்ஸ்களில் (வாடகைக் கணினிகளில்) ஒரு விசிபியு பெரும்பாலும் ஒரு த்ரெட், அதாவது 8 விசிபியு நான்கு கோர். அதே இடத்தில் அமேசானின் சொந்தச் சிப்பான கிராவிட்டான் வகையிலும், ஏஎம்டி-யின் சி7ஏ, எம்7ஏ வகைகளிலும் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இன்ஸ்டன்ஸின் எண் ஒன்றாக இருந்தும் பொருள் வேறு.

அதே கிளவுடின் டி3 வகை இன்னும் கவனம் கேட்பது. டி3.மீடியத்தில் இரண்டு விசிபியு இருந்தாலும் ஒவ்வொன்றிலும் தொடர்ந்து உரிமையுள்ளது 20 சதவீதம் மட்டும். அதற்கு மேல், சும்மா இருந்தபோது சேர்த்துவைத்த கிரெடிட்டில் ஓடும், அது தீர்ந்தால் இயல்பான அமைப்பில் கூடுதல் கட்டணம். காலையில் சோதித்தால் பறக்கும், மாலையில் பில் பேசும். அளவெடுக்க இந்த வகையைத் தொடவே கூடாது.

"ஐ7" என்ற பெயரை நம்புவது

ஐ7-1255யு-வில் வேகமான பெரிய கோர் இரண்டு, ஐ7-12700எச்-இல் ஆறு. விவரத் தாளைப் படியுங்கள்.

பழைய ஜியானை மேசைக்குக் கொண்டுவருவது

2016-இல் வந்த இன்டெல் சர்வர் சிப்பான ஜியான் இ5-2680 வி4, டேட்டா சென்டர்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாகக் கிடைக்கிறது. 14 கோர், 28 த்ரெட் என்றதும் மாணவர்கள் மயங்கிவிடுகிறார்கள். டர்போ 3.3 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும். பிரவுசர், ஆபீஸ், எடிட்டர் எல்லாவற்றிலும் இன்றைய நடுத்தர லேப்டாப் முந்தும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, எனவே தனிக் கார்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை.

விர்ச்சுவல் மெஷின் ஆய்வகத்துக்கும், 40 பிசிஐ லேன் (டிஸ்க், கார்டுகளை இணைக்கும் வழி) இருப்பதால் நிறைய டிஸ்க் கோக்கவும் இது நல்ல சிப். அதற்கும் மின்சாரத்தைக் கணக்கிட்டே வாங்குங்கள். இரண்டு சாக்கெட் ரேக் சர்வர் சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தொடுவது சாதாரணம். 60 நாளுக்கு 144 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை எந்த வேலையும் செய்யாமலே இது தின்றுவிடும்.

டிடிஆர்5 என்றால் இசிசி என்று நினைப்பது

இல்லை. இசிசி என்பது மெமரிப் பிழையைக் கண்டு திருத்தும் வசதி. லேப்டாப் டிடிஆர்5-இல் இருப்பது மெமரி சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். மெமரிக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான வழியை அது காக்காது.

சர்வரில் கம்பைல் செய்து லேப்டாப்பில் ஓட்டுவது

"மார்ச்=நேட்டிவ்" (இந்தக் கணினிக்கேற்பக் கட்டு என்னும் கம்பைலர் அமைப்பு) கொடுத்து ஜியான் ஸ்கேலபிள் சர்வரில் கம்பைல் செய்தால் ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) உள்ளே வந்துவிடும். 12-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று நிரல் செத்துப்போகும், அதுவும் அந்தப் பகுதியைத் தொடும்போதுதான். "எக்ஸ்86-64-வி3" (இரண்டுக்கும் பொதுவான கட்டளைத் தொகுதி) என்று இலக்கு கொடுத்தால் இரண்டிலும் ஓடும். வேகத்தை ஒப்பிடுவதாக இருந்தாலும் முதலில் இரு பக்கமும் இந்த ஒரே இலக்குக்குக் கட்டி அளந்துவிட்டு, பிறகு சர்வருக்கென்று தனியாகக் கட்டியதை அளங்கள். இரண்டு எண்ணையும் தனித்தனி வரிசையில் குறித்து வையுங்கள்.