சிற்றூரில் வீடு வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில் அவ்வளவாக ஏமாறுவதில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கதவு ஜன்னலை ஆட்டிப் பார்க்கிறார்கள், விலையையும் அடித்துப் பேசுகிறார்கள். கோட்டை விடுவது வேறிடத்தில். நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கழிவு எங்கோ போய்விடுகிறது, நெஞ்சு வலித்தால் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. இதற்கெல்லாம் யார் யாரோ எங்கெங்கோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சிற்றூரில் அந்த வேலைகளில் பாதி வீட்டுக்காரர் தலையில் வந்து விழும். வீட்டு விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

விடுமுறைக்குப் பார்த்த ஊரை வாங்குவது

டேவிட் ஷ்கேட், டேனியல் கானெமன் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதமான வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவிலும், குளிர் வாட்டும் அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களிலும் படித்த கல்லூரி மாணவர்களிடம், வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் "உங்களைப் போன்ற ஒருவர் எங்கே இருந்தால் அதிகச் சந்தோஷமாக இருப்பார்?" என்றபோது, இரு தரப்பினருமே கலிபோர்னியா பக்கம்தான் கை காட்டினார்கள். வேறோர் ஊரைக் கற்பனை செய்யும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அங்குள்ள வெயிலும் மரமும்தான். அங்கே கழிக்கப்போகும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை தெரிவதில்லை.

எனவே அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊரின் மிக மோசமான பருவம் எது என்று கேட்டு, அந்தப் பருவத்தில் போங்கள். மழையில் சாலை முங்குமா, கோடையில் கிணறு வற்றுமா, குளிரில் கடைகள் சாத்திக்கிடக்குமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முடிந்தால் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். "வாடகை தண்டம்தானே" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வாங்கி ஆறே மாதத்தில் விற்க நேர்ந்தால் பதிவுச் செலவு, தரகு, வரி எல்லாம் சேர்ந்து அந்த வாடகையைத் தாண்டிவிடும். வாடகைக்கு இருக்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தப் பக்கம் புதுச்சாலை வரப்போகிறது, எந்த வீடு விளம்பரம் இல்லாமலே விலைக்கு வரும் என்பதெல்லாம் உள்ளே இருப்பவர் காதுக்குத்தான் எட்டும்.

தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது

குழாயைத் திருகிப் பார்த்து, வேகமாக வந்தால் தலையாட்டிவிடுகிறோம். அது மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீர். கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருக்கும் வீடு என்றால், மோட்டாரைப் போட்டு ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டார் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடட்டும். மறுபடி அதே வாளி. இரண்டாம் முறை நேரம் இரட்டிப்பானால், தண்ணீர் கலங்கினால், குழாய் காற்றை விட்டு இருமினால், நிலத்தடியில் சரக்கு குறைவு என்று அர்த்தம். இதைக் கோடையில் செய்து பார்ப்பது உத்தமம். விற்பவர் முகம் கொஞ்சம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

அளவு சரி, தரம்? நகராட்சிக் குழாய்த் தண்ணீரை யாரோ சோதித்து அனுப்புகிறார்கள். சொந்தக் கிணற்றை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் இவை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமையும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையும், ஆர்சனிக் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. சுற்றிலும் வயல் இருந்தால் உரத்திலிருந்து நைட்ரேட் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பச்சிளம் குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். காய்ச்சிக் குடித்தால் போயிற்று என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும்; நைட்ரேட்டோ, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறையச் செறிவு கூடும். எனவே முன்பணத்துக்கு முன்னால் ஆய்வகச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து, யாரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி: கழிவுநீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் பதில் செப்டிக் டேங்க்தான். அதன் மூடி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மூடி மேல் தளம் போட்டு ஓடு பதித்திருந்தால், பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை என்று புரிந்துகொள்ளலாம். வழக்கமாக 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை அடியில் தங்கும் சகதியை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் சகதி வழிந்து போய் உறிஞ்சுகுழியை அடைக்கும். டேங்க்கைச் சுத்தம் செய்வது சின்னச் செலவு. அடைத்த உறிஞ்சுகுழியை மாற்றுவது பெரிய செலவு. கொல்லைப்புறத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் புல் செழித்துக் கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். டேங்குக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நாடா பிடித்து அளந்துவிடுங்கள். குறைந்தது 15 மீட்டராவது வேண்டும், 30 இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டு டேங்க்கையும் மறக்காமல் அளக்க வேண்டும், அது உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கசிவு வேலியைப் பார்த்து நிற்காது. ஓர் எச்சரிக்கை: மூடியைத் திறந்தால் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், யாரையும் உள்ளே இறங்கவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும்.

புதுப் பெயின்டுக்கு மயங்குவது

சுவர் முழுக்கப் பழைய வண்ணமும், தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் பளிச்சென்று புதுப் பூச்சும் இருந்தால், அங்கே ஓதம் ஏறியிருக்கிறது. வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வராமல் பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பழைய வீடு என்றால் கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா, பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா என்பதும் கேள்விதான். வீட்டு உபயோகத்துக்கான ஈயப் பெயின்ட்டை அமெரிக்கா 1978-இலேயே தடை செய்தது. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுவதுமாகத் தடை செய்தது. கல்நார் ஓடு உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. மராமத்து என்று அறுக்கவோ துளை போடவோ தொடங்கினால்தான் தூசி நுரையீரலுக்குள் போகும். மராமத்துச் செலவை மதிப்பிடும்போது ஊரில் எத்தனை கொத்தனார், எத்தனை எலக்ட்ரீசியன் என்று கேளுங்கள். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவர் சொல்வதுதான் கூலி, அவர் வருவதுதான் நாள்.

ஆஸ்பத்திரியைக் கிலோமீட்டரில் அளப்பது

"இருபது கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று தரகர் சொல்வார். இருக்கும். அங்கே இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தெரிந்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மாரடைப்பில், கண்டறிந்த 2 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை கிடைப்பது நல்லது என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆகவே கேட்க வேண்டியது தூரத்தை இல்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும் இடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம், வீட்டிலிருந்து ஸ்கேன் கருவியும் இதயச் சிகிச்சை வசதியும் உள்ள இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். இரவில் ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஓய்வுக்காலத்துக்கு என்று வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அறுபதில் ரசித்த தனிமை எண்பதில் வேறு முகம் காட்டும்.

வேலையும் இணைப்பும்

2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றதும் நகரத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். அலுவலகங்கள் பின்னர் மனம் மாறின. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து அலுவலக ஊழியர்களை வாரம் 5 நாளும் வரச் சொன்னது. மேலாளர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியை நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தாலும், இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு அந்த ஊரிலிருந்து போய்வர முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

இணைய இணைப்புக்கு, விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறையிலிருந்தே, சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பிய நேரத்தில் ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். ஃபைபர் வராத இடத்தில் செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறதே என்பார்கள். அதிலும் வித்தியாசம் உண்டு. வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய்ப் பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகிவிடும், பேச்சு ஒன்றின் மேல் ஒன்று மோதும். ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும். மின்வெட்டு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

மலிவு என்பதாலேயே வாங்குவது

நகரத்தில் ஓர் அறை விலைக்கு அங்கே தோட்டத்தோடு வீடு என்றதும் கை துறுதுறுக்கும். ஆனால் வாங்குவது சுலபமாக இருக்கும் ஊரில் விற்பது கடினமாக இருக்கலாம். ஜப்பான் அரசின் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். வாடகைக்குக் காத்திருந்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் இளைஞர்கள் வெளியேறிய ஊர்களில் ஆளில்லாமல் பாழாகும் வீடுகளும் நிறைய. இத்தாலியில் சிசிலித் தீவின் சம்புகா என்ற ஊர் 2019-இல் பழைய வீடுகளை 1 யூரோ தொடக்க விலைக்கு ஏலம் விட்டது. கூடவே நிபந்தனையும் இருந்தது: 3 ஆண்டுக்குள் புதுப்பித்தாக வேண்டும், அதற்கு 5,000 யூரோ பிணைத்தொகை கட்ட வேண்டும். வீட்டு விலை உண்மையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த நிபந்தனையிலேயே தெரிகிறது.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடுகிறார்களா குறைகிறார்களா, போன ஆண்டு எத்தனை வீடு விற்றது, விற்க எத்தனை மாதம் ஆனது என்று விசாரியுங்கள். ஒரே தொழிற்சாலையையோ ஒரே சுரங்கத்தையோ நம்பி இருக்கும் ஊரில், அது மூடினால் உங்கள் வீட்டு விலையும் கூடவே மூடிவிடும். நகரத்து வீட்டை உடனே விற்றுவிடாமல் ஓராண்டு வாடகைக்கு விட முடியுமானால் விட்டுப் பாருங்கள். நகர விலை ஏறும் வேகத்தில், ஒருமுறை விற்றுவிட்டால் அதே இடத்துக்குத் திரும்புவது பலருக்கும் முடிவதில்லை.

வாய்ச்சொல்லை நம்புவது

சிற்றூரில் பல ஏற்பாடுகள் வாய்வார்த்தையில் ஓடும். வீட்டுக்குப் போகும் பாதை அடுத்தவர் நிலத்தின் வழியாக இருக்கும். முப்பது வருஷமாக யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பார்கள். ஆட்சேபிக்காதது விற்றவரிடம் இருந்த சிநேகத்தால். நீங்கள் வந்ததும் அந்தச் சிநேகம் முடிந்துவிடும். பாதை உரிமை, கிணற்றுத் தண்ணீர் உரிமை இரண்டும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து அளந்து, கல் நட்டு, பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் எல்லையை ஒப்புக்கொள்ள வையுங்கள். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தாக இருந்தால் வெளியூரில் இருக்கும் பங்காளியும் கையெழுத்துப் போட்டாரா என்று பாருங்கள். இதற்கெல்லாம் விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குடிபோன முதல் மாதமே சேவல் கூவுகிறது, சாண வாடை அடிக்கிறது என்று புகார் எழுதாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, வீட்டில் உள்ள எல்லோரும் சம்மதித்துத்தான் கிளம்புகிறீர்களா என்பது. ஒருவருக்குக் கனவாக இருப்பது இன்னொருவருக்குத் தண்டனையாக இருக்கக் கூடும், அதுவும் கடைக்குப் போகக்கூட வண்டி வேண்டும் என்ற ஊரில் வண்டி ஓட்டத் தெரியாதவர் நிலைமை கொஞ்சம் கஷ்டம்தான். அப்படி ஒருவர் இருந்தால், வீடு தேடும்போதே கற்றுக்கொள்ளத் தொடங்கட்டும். குடிபோன பிறகு என்றால், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் அடுத்த ஊரில்தான் இருக்கும்.