கன்னியாவையும் கிண்ணியாவையும் கணினிக்கு அறிமுகப்படுத்துதல்: பொருளுணர் வலையில் முதற்படிகள்

திருகோணமலை என்ற ஒரே சொல் நகரத்தையும் குறிக்கிறது, மாவட்டத்தையும் குறிக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள கன்னியாவும் கிண்ணியா நகரமும் வேறுவேறு என்பது இங்கே பிறந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு அது விளங்காது. இந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே, தரவின் பொருளைக் கணினியும் உணரும்படி எழுதிவைக்கும் பொருளுணர் வலை (Semantic Web). தரவைச் சிறு கூற்றுகளாக எழுதும் முறையை வகுக்கும், அதன் அடிப்படையான ஆர்டிஎஃப் (RDF) தரநிலையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்டது. 2001இல் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் இரு துணையாசிரியர்களும் எழுதிய கட்டுரை அக்கருத்தைப் பரவலாக்கியது. 2004இல் கருத்துகளின் வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் ஓடபிள்யூஎல் (OWL), 2008இல் இத்தரவிலிருந்து விடை தேட உதவும் ஸ்பார்க்குள் (SPARQL) என்ற வினவல் மொழி ஆகிய தரநிலைகள் தொடர்ந்தன. ஆயினும், 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகியவை வலைப்பக்கத் தகவலுக்குப் பொருள் குறிக்க உதவும் ஸ்கீமா.ஆர்க் (schema.org) சொற்றொகுதியை இணைந்து அறிவித்த பிறகும், 2012இல் எவரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவு (Wikidata) தொடங்கிய பிறகுமே சாதாரணப் பயனரின் கைக்கு இது எட்டியது என்பது என் கணிப்பு. ஆகவே விக்கித்தரவிலேயே தொடங்குவோம்.

படி 1: தாளில் எழுதுங்கள். எழுவாய், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்புகள் கொண்ட கூற்றே ஆர்டிஎஃப்பின் அடிப்படை அலகு. "கன்னியா வெந்நீர் ஊற்றுகள் – அமைந்துள்ள நிருவாகப் பகுதி – திருகோணமலை மாவட்டம்" என்பது ஒரு கூற்று. "மாவட்டத்தில் உள்ள கன்னியாவில் ஏழு கிணறுகள் உண்டு" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை இங்கே பிரித்தே எழுதவேண்டும்: இடம் ஒரு கூற்று, கிணறுகள் மற்றொரு கூற்று, ஏழு என்பது அந்த இரண்டாவது கூற்றுக்குரிய தகுதிக் குறிப்பு, அதாவது கூற்றோடு இணையும் கூடுதல் விவரம். பழகுவதற்குக் கடினமான பகுதி இதுதான். அவசரப்படாமல் பத்துப் பன்னிரண்டு கூற்றுகளையாவது எழுதிப் பாருங்கள்.

படி 2: விக்கித்தரவில் கணக்குத் தொடங்கி, இடைமுக மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்யுங்கள்.

படி 3: உருப்படியைத் தேடுங்கள். விக்கித்தரவில் பதிவாகும் ஒவ்வொரு பொருளும் ஓர் உருப்படி; அதற்குக் கியூ (Q) என்ற எழுத்துடன் ஓர் எண் உண்டு. இலங்கையின் எண் கியூ854. திருகோணமலை நகரத்துக்கு ஓர் எண், மாவட்டத்துக்கு வேறோர் எண். புதிய உருப்படி உருவாக்குமுன் எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் தேடிப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் ஒரே இடத்துக்கு இரண்டு எண்கள் அமைந்துவிட்டால் நாம் நீக்க வந்த குழப்பத்தை நாமே வளர்த்தவராவோம்.

படி 4: தமிழ்ப் பெயரையும், "திருகோணமலை மாவட்டத்திலுள்ள வெந்நீர் ஊற்றுகள்" போன்ற சிறு விளக்கத்தையும், மாற்றுப் பெயர்களையும் சேருங்கள்.

படி 5: கூற்றுகளைச் சேருங்கள். பண்புகளுக்குப் பி (P) என்ற எழுத்துடன் எண் உண்டு. வகையைக் குறிக்க பி31, நாட்டுக்கு பி17, நிருவாகப் பகுதிக்கு பி131, புவி ஆள்கூறுகளுக்கு பி625 ஆகிய பண்புகள் போதும். ஒவ்வொரு கூற்றுக்கும் நம்பத்தக்க அச்சு நூலையோ அரச வெளியீட்டையோ சான்றாக இணையுங்கள். சான்றில்லாத கூற்றைப் பிறர் சரிபார்க்க வழியில்லை.

படி 6: வினவிப் பாருங்கள். ஸ்பார்க்குள் தெரியாதவர்களுக்கென வினவல் உருவாக்கி என்ற கருவி உள்ளது. அதில் பி131 என்ற பண்பையும் திருகோணமலை மாவட்டம் என்ற மதிப்பையும் தெரிவுசெய்து இயக்கினால், அம்மதிப்பு பதிவாகியுள்ள உருப்படிகள் பட்டியலாக வரும். ஸ்பார்க்குள் வினவலில் தமிழ்ப் பெயர்களை மட்டும் கேட்டால், தமிழ்ப் பெயர் இல்லாத உருப்படிகள் வெறும் கியூ எண்களாகத் தோன்றும். அவற்றில் நீங்கள் அறிந்த ஊர் எதுவெனக் கண்டு, நான்காம் படியிலிருந்து அதற்கும் செய்யுங்கள்.