வாங்கி வந்த கோழிக்குஞ்சு நாலாம் நாள் ஏன் சாகிறது?

போன மார்கழியில் 50 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தேன், ஒரு நாள் வயது. மூன்று நாள் வரை கீச்கீச்சென்று நன்றாகத்தான் இருந்தன. நாலாம் நாள் காலையில் 6 செத்துக் கிடந்தன, பொழுது சாய்வதற்குள் இன்னும் 5. கழிச்சல் இல்லை, சளி இல்லை. இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றவை அப்படியே சாய்ந்தன. நானும் எல்லாரையும் போல ஓடிப்போய் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கினேன். மறுநாள் 8.

அப்புறம்தான் புத்தி வந்து, செத்ததில் இரண்டைப் பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை காலி. தீனியை அரைக்கும் பைக்குள் மரத்தூள். “நோய் ஒண்ணும் இல்லைங்க, பட்டினி” என்றார். தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போது பட்டினியா!

பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள்கரு இருக்கும். இரண்டு மூன்று நாள் அதை வைத்தே ஓட்டிவிடும். குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்ப முடிவதே இதனால்தான். ஆகவே முதல் நாள் தின்னாத குஞ்சு மூன்று நாள் வரை நம்மை ஏமாற்றும். நாலாம் நாள் சாவுக்குக் காரணத்தை முதல் நாளில் தேட வேண்டும்.

கொட்டகை, வலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன்.

படி 1: தடுப்பு. தகரத்தையோ அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளையுங்கள். மூலை இருந்தால் ராத்திரி அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும்.

படி 2: சூடு. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 50 குஞ்சுக்கு 60 வாட் பல்பு இரண்டு. ஒன்று ஃபியூஸ் போனால் இன்னொன்று காக்கும். பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்.இ.டி. வெளிச்சம் தருமே தவிர குஞ்சுக்குச் சூடு தராது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரை விட நான் குஞ்சைத்தான் நம்புவேன். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. குஞ்சு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்குங்கள்.

படி 3: தண்ணீர். லிட்டருக்கு 50 கிராம் வெல்லம், முதல் சில மணி நேரம் மட்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு விடுங்கள். குடிநீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் விழுந்து நனைந்து விறைத்துப் போகும்.

படி 4: தின்னக் கற்றுக்கொடுப்பது. நான் கவிழ்ந்தது இங்கேதான். தாய்க்கோழி இருந்தால் கொத்திக் காட்டிக் கூப்பிடும். கடையில் வாங்கிய குஞ்சுக்கு யார் இருக்கிறார்கள்? காலடியில் கிடந்த மரத்தூளைத் தீனி என்று கொத்தியிருக்கின்றன. தீவனத் தட்டோ பல்பு வெளிச்சம் படாத ஓரத்தில், அதுவும் உயரமாக.

அதனால் முதல் மூன்று நாள் மரத்தூள், உமி எதுவானாலும் மேலே சாக்கை விரித்து மூடுங்கள். செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். சாக்கின் மேல், பல்பு வெளிச்சத்திலேயே, ஸ்டார்ட்டர் தீவனத்தை (சின்னக் குஞ்சுக்கென்றே விற்கும் தீவனம்) தூவி விரலால் தட்டுங்கள். டொக் டொக் என்ற சத்தத்துக்கு நாலு வரும், அவற்றைப் பார்த்து மற்றவை வரும். என் மாமியார் சொன்னபடி நொய்யும் போட்டுப் பார்த்தேன். தின்னும், ஆனால் அதை மட்டும் நம்பினால் வளராது.

ராத்திரி படுக்கும் முன் பத்துப் பதினைந்து குஞ்சைக் கையிலெடுத்துக் கழுத்தடியைத் தடவுங்கள். ஊறவைத்த பயறு போல மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது. தட்டையாக இருப்பவற்றைத் தனியே பிரித்து, கையாலேயே தண்ணீரும் தீனியும் காட்டுங்கள். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீர்த் துணியால் துடையுங்கள், பிய்க்காதீர்கள். தொப்புள் ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் அது பொரிப்பகத்திலேயே வந்த வினை. அந்தக் குஞ்சு பெரும்பாலும் தேறாது.

7-ஆம் நாள், வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் வராமல் தடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து. (ராணிக்கெட் நோய் என்பது ராணிப்பேட்டையில் வந்த நோய் அல்ல. ராணிக்கெட் வடக்கே மலையில் இருக்கும் ஊர். தடுப்பூசி மருந்து தயாரிக்கும் அரசு நிறுவனம் இருப்பதுதான் ராணிப்பேட்டையில்.)

இந்த ஆடியில் வாங்கிய 60-இல் போனது 3. அதில் ஒன்று என் காலில் மிதிபட்டது.

பின்சேர்க்கை 1: ஒருவர் கரண்ட் போன ராத்திரி மண்சட்டியில் கரித்தணல் வைத்துக் கொட்டகையைப் படுதாவால் இறுக்கி மூடியிருக்கிறார். காலையில் அத்தனையும் போச்சு என்று எழுதியிருந்தார். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தணல் வைத்தால் படுதாவின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: மூன்றாம் வாரத்தில், எச்சத்தில் ரத்தத்தோடு சாகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது வேறு கதை, ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் பெருகும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளிப் போடுங்கள், டாக்டரிடம் எச்சத்தைக் கொண்டு போய்க் காட்டி மருந்து வாங்குங்கள். தலை இல்லாமல் குஞ்சு கிடந்தால் மட்டும் டாக்டரைத் தேட வேண்டாம், பெருச்சாளி வளையைத் தேடுங்கள்.